ரகசியத்துக்கு ஒரு முடிவு தேதி

கேள்வி: அரசு ரகசியங்களை எத்தனை வருடம்தான் பூட்டி வைப்பார்கள்? – வாசகர், திருவண்ணாமலை

பதில்: உங்கள் ஊர் அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழர், ஹொய்சாளர், விஜயநகரக் காலத்துக் கொடைக் கணக்குகள் ஊரறியக் கல்லில் நிற்கின்றன. டெல்லியிலோ, 1962 சீனப் போர்த் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963 முதல் பூட்டுக்குள் கிடக்கிறது. 2014-இல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்ட பிறகும் அரசு அசையவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 20 ஆண்டு கடந்தவற்றைத் தரச் சொல்கிறது. நாட்டுப் பாதுகாப்பு என்றால் அதே சட்டம் விலக்கும் அளிக்கிறது. பாதுகாப்பு வேண்டாமா என்பார்கள். வேண்டும், உளவு சொன்னவர் பெயரை மறைக்கட்டும். ஆட்சியாளரின் தவறை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. ரகசிய முத்திரை குத்தும் அதிகாரி காரணத்தையும் முடிவு தேதியையும் எழுத வேண்டும். நீட்டித்தால் தகவல் ஆணையம் சரிபார்க்க வேண்டும். 1923-இல் வெள்ளையர் போட்ட அலுவல் ரகசியங்கள் சட்டத்தை இப்படித் திருத்தச் சொல்லி உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்.