சித்தப்பாவுக்கு ஒரு ஏரி

சிகாகோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சித்தியின் முட்டிவலி தேவலையா? "அங்கே வந்தால் பார்க்க என்னடா இருக்கு?" என்று போனில் கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதியில் உங்களுக்கு டிவி செய்தி வந்துவிடும். அதனால் கடிதம்.

முதலில் ஏரி. பெயர் மிச்சிகன். எதிர்க்கரை தெரியாது. அலை அடிக்கும், மணல் இருக்கும், ஆனால் வாயில் பட்டால் உப்புக் கரிக்காது. நீளம் ஏறக்குறைய 500 கி.மீ.; பரப்பில் தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அத்தனையும் நல்ல தண்ணீர்! ஜூன் 12 நெருங்கினால் மேட்டூரைத் திறப்பார்களா மாட்டார்களா என்று பேப்பரும் கையுமாக உட்காருகிற உங்களுக்கு வயிறு எரியும். கரையோரம் 18 மைலுக்கு நடைபாதை, காசு கிடையாது. சுண்டல் விற்கிற பையன் இல்லாததுதான் குறை.

அடுத்தது ஆற்றில் படகுச் சவாரி, ஒன்றரை மணி நேரம். ஒரு பெண் மைக்கில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஜாதகம் சொல்லிக்கொண்டே வருவாள். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், கழுத்து போய்விடும். நீங்கள் கட்டடத்தை விட்டுவிட்டு ஆற்றைப் பாருங்கள். இது முன்பு ஏரிக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்ச் சாக்கடையும் அதோடு போய்க் குடிதண்ணீரில் கலந்தது. 1900-ல் 28 மைலுக்குக் கால்வாய் வெட்டி, ஆற்றையே எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்கள். அழுக்கெல்லாம் மிசிசிப்பி பக்கம் போயிற்று. கீழே இருக்கிற மிசூரிக்காரன் சும்மா விடுவானா? சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனான். 1906-ல் தள்ளுபடி. காவேரிக்காக நாம் "தண்ணீர் விடு" என்று கோர்ட்டுக்குப் போனோம், அவன் "விடாதே" என்று போயிருக்கிறான். இதைப் பக்கத்து சீட்டு வெள்ளைக்காரரிடம் சொன்னேன். காவேரி என்றால் என்ன என்று மரியாதைக்குக் கேட்டுவிட்டார். படகு கரை சேர்ந்தபோது நான் 1924 ஒப்பந்தத்தில்தான் இருந்தேன்.

வில்லிஸ் டவரில் 103-ஆவது மாடியில் கண்ணாடிப் பெட்டி மாதிரி வெளியே நீட்டிவிட்டிருக்கிறார்கள். அதற்குள் நின்றால் காலுக்குக் கீழே தெருவில் கார் போவது தெரியும். சித்தி வர மாட்டார், வற்புறுத்த வேண்டாம்.

ஆனால் ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்கு சித்தியை அழைத்தே போக வேண்டும். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கம். விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11 அன்று பேசியது இந்தக் கட்டடத்தில்தான். ஊர் திரும்பியவர் 1897-ல் நம் கும்பகோணத்திலும் வந்து பேசினார். உள்ளே கருங்கல்லில் ஒரு புத்தர் தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார். சோழர் காலம், 12-ஆம் நூற்றாண்டு, சொந்த ஊர் நாகப்பட்டினம்! நான் விழுந்தடித்துக்கொண்டு வந்தது அமெரிக்காவைப் பார்க்க. பார்த்தது பஸ்ஸில் போனால் அரைநாளில் வருகிற ஊர்க்காரரை. அவர் எனக்கு முன்னாலேயே வந்து செட்டிலாகிவிட்டார், விசா கவலையும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்து மகாலிங்கசுவாமி கோயிலில் வந்த வாசல் வழியே திரும்பக் கூடாது, கிழக்கு வாசலில் பிரம்மஹத்தி காத்திருக்கும் என்பீர்களே, இங்கேயும் டிக்கெட் வாங்கிப் போகிற பல இடங்களில் வந்த வழியே விட மாட்டார்கள். பொம்மைக் கடை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். இங்கே பிரம்மஹத்தி உட்கார்ந்திருப்பது வெளியே போகிற வாசலில்! அந்தக் கடையில் சாவி வளையத்தின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், பிரஷர் ஏறும்.

ஜனவரியில் மட்டும் வந்துவிடாதீர்கள். ஏரிக்காற்றில் காது கழன்று விழுந்தாலும் தெரியாது. கோடையில் நேவி பியர் துறையில் வாரம் இரண்டு ராத்திரி வாணவேடிக்கை விடுகிறார்கள், அதுவும் இலவசம். ஆகவே ஜூலைக்கு டிக்கெட் போடுங்கள். குறுவை இருக்கிறதே என்பீர்கள். அதை அண்ணன் பார்த்துக்கொள்வான். சித்திக்கு நல்ல ஷூவாக ஒன்று வாங்கி, இப்போதிருந்தே போட்டுப் பழகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்