பன்னிரு செவிக்கும் விருந்து

என் தாத்தா ஒரு சொல்லில் பிடிவாதக்காரர். "நேற்று கச்சேரி பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்தித் திருத்துவார். "கேட்டேன்னு சொல்லு. பார்க்கிறதுக்கு அது என்ன தேரா?" என்பார். பாவம், பழைய காலத்து மனிதர். இந்தத் தைப்பூசத்தன்று பினாங்கில், ஜாலான் உத்தாமாவில், விடியற்காலை தொடங்கி இருட்டும்வரை நின்றும் நடந்தும் வாத்தியக் குழுக்களைப் பார்த்துவிட்டு வந்தேன். தாத்தா இருந்திருந்தால் அவரே தன் சொல்லை மாற்றிக்கொண்டிருப்பார். கேட்பது என்ற தொல்லையான வேலையிலிருந்து எங்கள் ஊர் விடுதலை பெற்றுவிட்டது.

அந்தக் கேட்கிற வேலைக்காக வெளிநாட்டுக்காரர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி விழா என்று ஒன்று இருக்கிறது. 1970-இல் ஒரு மாட்டுப்பண்ணையில், ஒரு பவுண்டு டிக்கெட்டுக்குப் பண்ணைப் பாலையும் இலவசமாகக் கொடுத்துத் தொடங்கினார்கள். இன்று நூற்றுக்கணக்கில் பவுண்டு கொடுத்து, கோடை என்ற பெயரில் பெய்யும் மழையில், சேற்றில் நின்று கேட்கிறார்கள். அதிலும் ஒரு கஞ்சத்தனம். ஒரு மேடையின் சத்தம் அடுத்த மேடையில் விழக்கூடாதாம். அதற்காக வயல் வயலாகத் தள்ளித் தள்ளி மேடை போடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு பாட்டுத்தான். கொடுத்த காசுக்கு இது கட்டுமா?

எங்களுக்குக் கோடை என்று தனியாக எதுவும் கிடையாது. பன்னிரண்டு மாதமும் அதுதான். இருந்தாலும் ஜனவரி, பிப்ரவரியில் மழை ஒதுங்கி வெயில் மண்டையைப் பிளக்கும். முருகன் அந்த நேரமாகப் பார்த்துத்தான் பூசத்தை வைத்திருக்கிறான். டிக்கெட் இல்லை. பால் உண்டு, குடம் குடமாக. சாலையோரத் தண்ணீர்ப் பந்தல்களில், பந்தலுக்கும் பந்தலுக்கும் நடுவே சில இடங்களில் ஓர் ஆள் நுழையச் சந்து கிடையாது. நின்ற இடத்தில் நின்றால் நாலு பாட்டு ஒரே சமயத்தில் கிடைக்கும்.

முதல் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செட்டிப்பூசத்தன்று விடியலில் லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் புறப்படும். 1894-இல் செய்து கப்பலேற்றிக் கொண்டுவந்த ரதம். இன்றும் மாடு பூட்டித்தான் இழுக்கிறார்கள். 2017 முதல் தங்க ரதமும் உண்டு. (இரண்டாவது ரதம் ஏன் வந்தது என்று எங்கள் ஊரில் பேச்செடுத்தால் அடுத்த பூசம் வரை போகும், விட்டுவிடுவோம்.) அந்த விடியலில் பந்தல்காரர்கள் இன்னும் எழுந்திருக்கமாட்டார்கள். அதனால் நாகஸ்வரம் காதில் விழுந்துவிடுகிறது. மல்லாரியா, காவடிச் சிந்தா என்றுகூடத் தெரிந்துவிடுகிறது. இந்தக் குறை சீக்கிரமே நீங்கிவிடும் என்று நம்புகிறேன்.

பூசத்தன்று அந்தக் குறை இல்லை. ஜாலான் உத்தாமாவில் நான் பார்த்த முதல் பந்தலில் ஸ்பீக்கர்கள் ஆள் உயரத்துக்கு மேல் ஆள் உயரமாக, கோபுர வாசல் துவாரபாலகர்கள் மாதிரி இரு பக்கமும் நின்றன. நடுவில், கொஞ்சம் தேடினால், முருகன் படம். பந்தல் போட்டவர்கள் நல்லவர்கள். இதில் வஞ்சகமே இல்லாமல் சொல்கிறேன். தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், ஆளுக்கு இவ்வளவு வெள்ளி என்று மாதாமாதம் சேர்த்து வைத்து, இரவெல்லாம் விழித்துச் சாதம் வடித்து, வருகிறவன் தமிழனா சீனனா என்று பாராமல் ஊட்டுகிறார்கள். ஒரு பெண் என் காதருகே வந்து வாயசைத்தாள். "மோரா, மைலோவா, அங்கிள்?" என்று கேட்டிருப்பாள் என்று ஊகித்து, மோர் என்று நானும் வாயசைத்தேன். ரோஸ் சிரப் வந்தது. குடித்தேன். நன்றாக இருந்தது. நன்றி சொன்னேன், அவள் இன்னொரு டம்ளர் கொடுத்தாள்.

ஆண்டுதோறும் பூசத்துக்கு முன் அறிவிப்பு வரும்: பக்திப் பாடல் மட்டும், சத்தம் அளவோடு. எங்கள் ஆட்கள் சட்டத்தை மீறுகிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மெட்டு சினிமாவுடையது, நடுநடுவே வரும் "முருகா" பக்தியுடையது. இரண்டையும் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு அந்த இரைச்சலில் எந்த அதிகாரிக்கும் காது வேலை செய்யாது. "அளவோடு" என்பதையும் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். யாருடைய அளவு என்றால், பக்கத்துப் பந்தலின் அளவு. இவர் ஒரு புள்ளி ஏற்றினால் அவர் ஒரு புள்ளி. அவர் ஏற்றியதால் இவர் இன்னொன்று. எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911-இல் எழுதினார், இரைச்சலுக்கு நடுவே பேசுகிற மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான் என்று. அறியாமலே என்றார். ஜாலான் உத்தாமாவுக்கு அவர் வந்ததில்லை. இங்கே அறிந்தே, குமிழைத் திருகித்தான் உயர்த்துகிறார்கள்.

என் அக்கா மகன் உறுமி வாசிக்கிறவன். வயது இருபத்திரண்டு. அவன் குழுவில் பதினாறு பேர், எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, முதுகில் வேல். இரண்டு மாதமாக ராத்திரி ராத்திரி ஒரு காலி மனையில் பயிற்சி. நாற்பத்தெட்டு நாள் கறி மீன் தொடவில்லை. உறுமியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இடை சிறுத்த மரக்கட்டை, இரு பக்கமும் தோல். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அதன் உயிர் இருக்கிறது. அடி வயிற்றிலிருந்து எழுந்து, முனகலாகத் தொடங்கி, உறுமலாக ஏறும். தமிழ்நாட்டில் கம்பளத்து நாயக்கர்கள் தேவராட்டத்துக்கு இதைத்தான் வாசிக்கிறார்கள். எங்கள் முன்னோர்களோடு கடல் கடந்து, தோட்டத்து முனீஸ்வரன் கோவிலில் மரத்தடியில் பல காலம் இருந்து, இப்போது மலேசியாவில் எந்த இளைஞன் கையைப் பார்த்தாலும் இருக்கிறது. காவடி எடுப்பவரின் உடம்பில் அந்த முனகல் இறங்கினால் கால் தானாக எழும். "உறுமி கூப்பிடுது" என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

கூப்பிடுகிறது, நானும் பார்த்தேன். பத்து மணிக்கு ஒரு காவடியோடு அவன் குழு வந்தது. பந்தல் முன் காவடி நின்றது. பதினாறு பேரும் வட்டம் கட்டி, நரம்பு புடைக்க, முகம் சிவக்க அடித்தார்கள். தேய்க்கிற கை போய்ப் போய் வந்தது. பாஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஒரு குணம் உண்டு: தாழ்ந்த ஒலி தன்னருகே உள்ள ஒலிகளை விழுங்கும், தனக்கு மேலே உள்ளவற்றையும் விழுங்கும். மேலே உள்ளவை அதை அவ்வளவு எளிதில் விழுங்க முடியாது. ஆக, ஒரு ஸ்பீக்கர் பெட்டி பதினாறு பேரை, அவர்களுடைய இரண்டு மாதத்தை, நாற்பத்தெட்டு நாளை, ஏப்பம்கூட விடாமல் விழுங்கியது. காவடிக்காரருக்கு ஒரு கால் உறுமிக்கும் ஒரு கால் பந்தலுக்கும் ஆடியது. எந்த நட்டுவனாரும் சொல்லிக்கொடுக்க முடியாத ஆட்டம் அது.

நான் வயதானவன் என்ற தைரியத்தில் பந்தலுக்குள் போய்க் கையால் ஜாடை காட்டினேன். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்த தம்பி, மரியாதையாக எழுந்து நின்று, என் காதுக்குள் கத்தினான்: "குறைக்க முடியாது அண்ணே, ஸ்பான்சர் வந்திருக்காரு!" ஸ்பான்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. தான் வாங்கிக் கொடுத்த விருந்தைத் தான் சாப்பிடாமல் ஊருக்கே விட்டுக்கொடுக்கிற மனம் எத்தனை பேருக்கு வரும்?

சிங்கப்பூர்த் தமிழர்களை நினைத்தால்தான் இரக்கமாக இருக்கிறது. அங்கே 1973-இல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் கூடாது என்று தடை போட்டார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் மனுக் கொடுத்தார்கள், வாதாடினார்கள். 2016-இல் ஊர்வலப் பாதையில் மூன்றே மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. மூன்று இடம்! ஒரு மேளச் சத்தம் காதில் விழாதா என்று ஏங்கியவர்கள் அவர்கள். எங்களுக்குத் தடையே இல்லை. இவ்வளவு தாராளமான சுதந்திரத்தில், அந்தத் தடைக்காலத்தில் அவர்கள் நின்ற அதே இடத்தில்தான் நாங்கள் இப்போது நிற்கிறோம்: அவர்களுக்கும் உறுமி கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கவில்லை.

எங்கள் தீவிலேயே சிலருக்கு இந்த ரசனை புரிவதில்லை. 2004-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் பத்து ஃபிரிங்கிக் கடற்கரையில் டிசம்பர் மாதம் ஜாஸ் விழா நடந்தது. காசு கொடுத்து வந்தவர்கள் புல்லில் உட்கார்ந்து, ஒருவர் வாசித்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து, முடிந்ததும் கை தட்டினார்கள். வாசிக்கிறவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அவன் விட்ட இடத்தில் இவன் எடுத்தான். இதெல்லாம் தன்னம்பிக்கை இல்லாதவர்கள் செய்வது.

நண்பகல் வெயிலில் மேலே நடந்தேன். சாலை ஓரத்தில் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். ஒரு புகாரும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். கெபுன் பூங்கா சாலையின் முடிவில் 1884-இல் போட்ட தாவரவியல் தோட்டத்துக் குரங்குகள் மற்ற நாளில் வழிப்பறி செய்யும். அன்று ஒன்றையும் காணோம். காட்டுக்குள் போய்விட்டன போலும். இசை ஞானம் இல்லாத ஜீவன்கள்.

தண்ணீர்மலைக்கு 513 படி. ஏற ஏறச் சத்தம் தேய்ந்துவிடுமோ என்று கவலையாக இருந்தது. சொற்கள்தான் முதலில் உதிர்ந்தன, அப்புறம் மெட்டு உதிர்ந்தது, "முருகா" உதிர்ந்தது. பாஸ் மட்டும் எங்களோடு படியேறி வந்தது, பாதயாத்திரை மாதிரி. சந்நிதியில் அர்ச்சகர் உதடு அசைந்தது. மந்திரம்தான் சொல்லியிருப்பார். பந்தல்காரர்களின் கணக்கு அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நமக்கு இரண்டு காது. ஆறுமுகனுக்குப் பன்னிரண்டு. இரண்டு காதுக்குப் போடுகிற அளவைப் பன்னிரண்டு காதுக்குப் போட்டால் எப்படி? ஆறு மடங்கு போட்டிருக்கிறார்கள். கணக்கு சரி. அவனுக்குப் பன்னிரண்டு கையும் இருப்பதால் பொத்திக்கொள்ளவும் வசதி.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென்று ஒரு தர அளவு வெளியிட்டது. பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாதாம். ஒதுங்கி உட்கார அமைதியான இடம் இருக்க வேண்டுமாம். கேட்பவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டுமாம். வேலைத்தளக் கணக்கு இன்னும் கஞ்சத்தனம்: 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், 100-க்கு வரும்போது கால் மணி நேரம்தான் மிச்சம். ஜெனீவாவில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குப் பக்தி தெரியாது. என் அக்கா மகன் அன்று நாலு காவடிக்கு வாசித்தான். பெட்டிகளுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நின்றான். மாலை ஆறு மணிக்கு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். பந்தல்களிலிருந்து நல்ல தூரம்.

"கை வலிக்குதாடா?" என்றேன்.

"என்ன மாமா?"

"கை வலிக்குதா?"

"என்ன?"

மூன்றாவது முறை கையைத் தொட்டுக் காட்டினேன். "ஓ, கையா! அதெல்லாம் இல்ல மாமா, காதுலதான் கொய்ங்னு ஒரு சத்தம். நாளைக்கு சரியாயிரும் லா. போன வருஷமும் மூணு நாள் இருந்துச்சு." என்றான். திருக்குறளில் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 42-ஆவது. அவனுக்குப் பள்ளியில் அது பாடமாக இருந்ததாம். நான் கேட்டதும் பெருமையாகத் தலையாட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

இரவு அக்கா வீட்டில் எல்லோரும் கூடினோம். குழுவில் ஒருவன் காலையில் கைப்பேசியில் எடுத்த காணொளியை அனுப்பியிருந்தான். சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். பெரிய காவடி, மயிற்பீலி, வட்டம், பதினாறு சட்டை, பதினாறு வேல். ஒலியைக் கூட்டினான். ஒரு சினிமா மெட்டு, தெளிவாக, நடுவில் ஒரு முருகா. கொஞ்சம் தள்ளி ஓட்டினான். அதே மெட்டு. இன்னும் தள்ளினான், பக்கத்துப் பந்தலின் வேறு மெட்டு.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தாள். "உன்னோடது எங்கடா?" என்றாள்.

அவன் படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, ஆர்வமாகக் காட்டினான். "இங்க பாரும்மா, இந்த இடத்துல. கை தேய்க்குது, நல்லா தெரியுது பாரு."