கையை நிறுத்தாதே, பேராண்டி

ஏலே பேராண்டி, இங்க வா. அந்த ஃபோனக் கீழ வையி. சொளகுல கெடக்குற அதலைக்காயில ஒரு குத்து அள்ளிக்கோ. ஒரு பக்கம் காம்பு, இன்னொரு பக்கம் நுனி, ரெண்டையும் கிள்ளணும். வேற வித்தை ஒண்ணும் கெடையாது. கை பாட்டுக்குக் கிள்ளட்டும், காத மட்டும் எங்கிட்டக் குடு.

கண்ணுல புரை எடுக்கணும்னு கோவில்பட்டிப் பக்கத்துலருந்து மதுரைக்கு வந்து இன்னையோட பதினஞ்சு நாளு. டாக்டர் உள்ள லென்ஸ வச்சாலும் வச்சாரு, இத்தன வருசமா மங்கலாத் தெரிஞ்சதெல்லாம் இப்பப் பளிச்சுனு தெரியுது. கட்டு அவுத்ததும் மொதல்ல கண்ணுல பட்டது ஒன் ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்க காகிதம். ‘இன்று முதல் நம் வீட்டில் உள்ளூர் உணவு மட்டுமே. இது குடும்பத்தின் முடிவு.’ எழுத்து முத்து முத்தா இருக்கு. கீழ பாத்தா ஒரே ஒரு கையெழுத்து. அது ஒன்னுது.

நான் குத்தம் சொல்லல. ஆளு வருமுன்னயே தீர்ப்பு எழுதி மடியில வச்சிருந்த நாட்டாமைக எங்க ஊருலயும் உண்டு.

மறுநாளே கதவத் தட்டி ஒரு தம்பி பொட்டி குடுத்துட்டுப் போனான். பிரிச்சா உள்ள குதிரைவாலி அரிசி, அரைக் கிலோ. பை பளபளன்னு இருக்கு. மேல ஏரு புடிக்கிற ஒரு கிழவன் படம். முப்பத்திரெண்டு பல்லும் தெரியச் சிரிக்கான். எம்பது வயசு நெருங்குது எனக்கு, உழுதுக்கிட்டே சிரிச்ச சம்சாரிய நான் ஒருத்தனையும் பாத்ததில்ல. பையத் திருப்பி வெலாசத்தப் படிச்சேன். பெங்களூரு! ஏலே, குதிரைவாலி வெளையுற பேரையூர், கல்லுப்பட்டி எல்லாம் ஒன் வீட்டுலருந்து பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம். அது அங்கருந்து பெங்களூரு போயி, பட்டுச்சேலை கட்டி, பொட்டு வச்சு, பெரிய எடத்துப் பொண்ணா திரும்பி வந்திருக்கு. நீயும் சீர்வரிசை குடுக்குற மாதிரி காசக் குடுத்து எறக்கி வச்சிருக்கே.

கையை நிறுத்தாதே. கிள்ளு.

அன்னைக்கு மத்தியானம், ‘தாத்தா, இது நம்ம ஊரு சாம்பார்’னு பெருமையா ஊத்தினே. நானும் பெசஞ்சு சாப்புட்டேன், ருசிக்குக் கொறையில்ல. சாப்புட்டுப்புட்டு திண்ணை இல்லாத ஒன் வீட்டு சோபாவுல சாஞ்சு ஒவ்வொண்ணா யோசிச்சேன். தொவரம்பருப்பு. நம்ம நாட்டு வெளச்சல் பத்தாம மொசாம்பிக்லருந்தும் மியான்மர்லருந்தும் கப்பல் கப்பலா வருது. 2016-லயே மொசாம்பிக்கோட ஒப்பந்தம் போட்டாச்சு. ஒன் சட்டியில வெந்த பருப்பு கடல் தாண்டுனதாக்கூட இருக்கும், யாரு கண்டா? பெருங்காயம், ஆப்கானிஸ்தான், ஈரான் மாதிரித் தூரதேசத்துச் சரக்கு. இமாசலத்து மலையில அந்தச் செடிய நட்டுப் பாக்க ஆரம்பிச்சதே 2020-லதான். கடுகு ராஜஸ்தான். தக்காளிக்கும் மொளகாய்க்கும் பூர்வீகம் கடலுக்கு அந்தாண்ட அமெரிக்கா. போர்த்துகீசியன் கப்பல்ல வந்து எறங்குன மொளகாய்க்கு நம்ம ஆளு பேரு வச்ச அழகப் பாரு. மொளகு மாதிரி உறைக்குதா, காயா இருக்கா, சரி, மொளகாய். வந்தவனுக்குப் பழைய குடும்பத்துப் பேர வச்சு வீட்டுக்குள்ள சேத்துக்கிட்டான்.

சரி, சோறாச்சும் உள்ளூருன்னு பாத்தா, வாடிப்பட்டி நெல்லு, மேலூரு நெல்லு எல்லாம் குடிச்சு வளருற தண்ணி மேக்க ஓடிக் கடல்ல விழுந்துக்கிட்டிருந்த பெரியாத்துத் தண்ணி. 1895-ல அணையக் கட்டி, மலையக் கொடஞ்சு, இந்தப் பக்கம் திருப்பிவிட்டாக. அம்புட்டு ஏன், ஒனக்குப் புத்தி சொல்லுத இந்தக் கிழவனே பள்ளிக்கூடத்துல அமெரிக்காக்காரன் அனுப்புன பால் பவுடரக் கரைச்சுக் குடிச்சு வளந்த ஒடம்புதான்.

அதனால காய்கறிகிட்டச் சாதிச் சான்றிதழ் கேக்காதே. கேக்க ஆரம்பிச்சா ஒன் தட்டுல உப்பு மட்டுந்தான் மிஞ்சும். அது தூத்துக்குடியிலருந்து வரும்.

‘அப்ப உள்ளூருன்னா என்னதான் தாத்தா?’ன்னு மொறைக்காதே. ஒரே ஒரு கேள்வி கேளு. ‘ஏ காயே, நேத்து நீ எங்க இருந்தே?’ ‘காட்டுல இருந்தேன்’னு சொன்னா கூடையில போடு. ‘லாரியில இருந்தேன்’னா யோசி. ஒன் டைனிங் டேபிள்ல ஒரு ஆப்பிள் இருக்கே, மெழுகு தேச்சுப் பளபளன்னு, அதக் கேட்டுப் பாரேன். ‘நேத்து குளிர்க் கிட்டங்கியில, முந்தாநாளு அதே கிட்டங்கியில, போன மாசமும் அங்கதான்’னு சொல்லும். ஆஸ்பத்திரியில கெடந்த என்னைவிட அதுக்குத்தான் நாளு கூட.

இந்த அதலைக்காயப் பாரு. இது அந்தக் கேள்விக்கெல்லாம் பயப்படாது. ஏன்னா இதுக்கு ஊரு சுத்தத் தெரியாது. கரிசக்காட்டுல ஐப்பசி மழை விழுந்தா மண்ணுக்குள்ள கெடக்குற கெழங்கு தானா முழிச்சுக் கொடியா ஓடும். யாரும் வெதைக்கிறதில்ல, உரம் போடுறதில்ல. பறிச்சு ரெண்டு நாளு சும்மா வச்சா வெடிச்சு வெதையக் கொட்டிப்புடும். இதப் பைக்குள்ள போட்டுப் பெங்களூருக்கு அனுப்ப ஒரு கம்பெனியும் இன்னும் பொறக்கல. கசக்கும், ஒத்துக்கிடுதேன். வெங்காயத்தப் போட்டு நல்லெண்ணெயில சுருள வதக்குனா அந்தக் கசப்புக்கே ஒரு ராசாக் களை வந்துரும்.

காலையில இத வாங்கப் போன கதையச் சொல்லட்டா? தாயி, நீயும் கேளு, ஒன் வீட்டுக்காரன் பெருமைய. அண்ணாநகர் உழவர் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனான். தமிழ்நாட்டுலயே மொத உழவர் சந்தை அதுதான். 1999 நவம்பர் 14-ல கருணாநிதி தொறந்து வச்சாரு. சம்சாரி படம் ஒட்டுன அடையாள அட்டையோட வந்து தானே நிறுத்துக் குடுக்கணும், நடுவுல தரகன் நிக்கக்கூடாது, அதுதான் ஏற்பாடு. அங்க போயி இவன் காரியாபட்டிப் பக்கத்து அம்மாகிட்ட, ‘இது ஆர்கானிக்கா?’ன்னு கேட்டான். அந்தம்மா இவன மேலயும் கீழயும் பாத்துச்சு. ‘மழை பேஞ்சுச்சு, மொளச்சுச்சு. நான் குனிஞ்சு பறிச்சேன். நடுவுல வேற ஒண்ணும் நடக்கலய்யா’ன்னுச்சு. இவன் பதில் பேசாம கால் கிலோ கேட்டான். அந்தம்மா ஒரு கிலோவ அள்ளிப் போட்டுச்சு. தகுதி பாத்துப் போட்டிருக்கு.

அடுத்தாப்புல முருங்கக்காய் வெலை கேட்டு மயங்கி விழப் பாத்தான். கார்த்திகை அடைமழையில பூவெல்லாம் கொட்டிக் கெடக்கு, காய் எங்கருந்து வரும்? வந்த நாலு காயும் மாப்பிள்ள முறுக்கோட நிக்கும். பங்குனி, சித்திரையில வந்து பாரு, தெருவுல போறவனக் கூப்புட்டுக் கையில திணிப்பாக. அங்க வெலை எழுதிப் போட்டிருக்காகளே ஒரு பலகை, அதுதான்லே பஞ்சாங்கம். எது மலிஞ்சு கெடக்கோ அது பக்கத்துல வெளஞ்சது. எது எட்டாத வெலையோ அது காலம் தப்புனது, இல்லைன்னா தூரத்துலருந்து வந்தது. எல்லா நேரமும் அந்தக் கணக்கு சரியா வராது. ஆனா ஒன் ஃபோனு சொல்லுத கணக்கவிடத் தேவல.

கை நிக்குது பாரு. கிள்ளு, கிள்ளு.

இப்ப ஒரு ரகசியம். உள்ளூர்ச் சாப்பாட்டுல இருக்க பெரிய சங்கடம் பஞ்சம் கெடையாது, சலிப்பு. கத்தரிக்கா காய்ச்சா கத்தரிக்காதான். திங்கக்கிழமை கொழம்பு, செவ்வாய் பொரியல், புதன்கிழமை சுட்டுப் பெசஞ்சா வியாழக்கிழமை புருசன் மச்சினன் வீட்டுக்குப் போயிருவான். ஒங்க ஆச்சிக்கு அது தெரியும். நாலாவது நாளு அந்தக் கத்தரிக்காயக் கீறி, உப்புத் தண்ணியில போட்டு எடுத்து வெயில்ல காய வச்சுருவா. சீனியவரைக்காயும் அப்படித்தான், மிதுக்கங்காயும் அப்படித்தான். வத்தல்ங்கிறது காய்க்குக் குடுக்குற பென்சன். வேல செஞ்ச காலம் முடிஞ்சாலும் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டிருக்கும். ஒன் மொட்டைமாடியில அம்புட்டு வெயிலு வீணா அடிக்குது. நீ அங்க போயி நின்னுக்கிட்டு வைட்டமின் டி எடுக்குதே. கூட ரெண்டு கத்தரிக்காயையும் கூட்டிட்டுப் போ.

ஆச்சியப் பத்திப் பேச்சு வந்துருச்சு. நேத்து ஒன் சேக்காளி ஒருத்தன் வந்து, ‘அந்தக் காலத்துல நீங்கள்லாம் கம்மங்கூழ் குடிச்சு கல்லு மாதிரி இருந்தீங்களே தாத்தா’ன்னான். நான் சிரிச்சுக்கிட்டேன். ஏலே, கல்லு மாதிரி இருந்தது அவ உள்ளங்கை. கூழக் குடிச்சது நானு. கோழி கூவ எந்திரிச்சு, கம்புல தண்ணி தெளிச்சு, உரல்ல போட்டு ஒரு குத்து, பொடச்சு உமிய ஊதித் தள்ளிட்டு மறுகுத்து. அப்புறம் ஒல வச்சுக் கிண்டி எறக்கணும். அதையும் முடிச்சுட்டுத்தான் களையெடுக்கப் போவா. நெல்லுச்சோறு அப்பல்லாம் தீவாளிக்கும் பொங்கலுக்குந்தான். ரேசன்ல அரிசி ஒழுங்கா வர ஆரம்பிச்சதும் மொத வேலையா ஒலக்கையத் தூக்கிப் பரண்ல போட்டது அவதான். ‘நம்ம பாரம்பரியம் போச்சே’ன்னு நான் தெருவுல பொலம்பினேன். ‘பரண்லதான் கெடக்கு, எடுத்துக் குத்துங்களேன்’னா. அதுக்கப்புறம் நான் பாரம்பரியத்தப் பத்தி வாயத் தொறக்கல.

இப்ப மில்லு வந்துருச்சு, ஒலக்கை வேண்டாம். ஆனா கீரைக்கட்ட ஆயுறதுக்கு மிசினு வந்திருக்கா? பண்ணைக்கீரையும் சாரணைக்கீரையும் ஆஞ்சு முடிக்க அரைமணி நேரம். சின்ன வெங்காயம் உரிக்க அரைமணி நேரம். நீ காகிதம் ஒட்டுன நாளுலருந்து இந்தத் தாயி ஆபீஸுலருந்து வந்ததும் வராததுமா இதே வேலையா ஒக்காந்திருக்கா. நீ சோபாவுல ஒக்காந்து, சிறுதானியம் எப்படி நல்லதுன்னு அவளுக்கு வீடியோ போட்டுக் காட்டுதே. புதுக் கண்ணு வச்சதால எனக்கு இதெல்லாம் தெரியுது, நான் என்ன செய்ய?

விருந்தாளி வந்தா அவுக தட்டுல சட்டம் பேசாதே. போன ஞாயித்துக்கிழமை ஒன் கொழுந்தியா ஆசையா கேக்கு வாங்கிட்டு வந்துச்சு. ‘இதுல இருக்க மைதா எங்கருந்து வருது தெரியுமா?’ன்னு ஆரம்பிச்சுட்டே. அது எங்கருந்து வருதுன்னு தெரியாட்டியும், எங்க திரும்பிப் போச்சுன்னு எல்லாரும் பாத்தோம். பிள்ளைய ரொம்பவும் மெரட்டாதே. அரிசிப்பானையில ஒளிச்சு வச்ச பிஸ்கட்டு பாக்கெட்டக் கண்டுபிடிச்சு அவள வஞ்சியே, அதுல பாதிய நான்தான் தின்னேன். சாட்சி சொல்ல வேண்டாம்னு அன்னைக்குக் கண்ணு தெரியாதவன் மாதிரி இருந்துட்டேன்.

ஒரே நாளுல வீட்டத் திருப்பிப் போடாதே. இருவத்தொரு வேளையில மூணு வேளைய மொதல்ல உள்ளூருக்குக் குடு. அது நாக்குல படிஞ்சா நாலாவது தானா வரும். மாசம் ரெண்டு நாளு பரோட்டாவுக்குன்னு ஒதுக்கு. மதுரையில இருந்துக்கிட்டு அத விடுறேன்னு சொன்னா சாமி குத்தமாயிரும். கோதுமை வடக்கத்திதான், ஒத்துக்கிடுதேன். வீசுற மாஸ்டர் கை உள்ளூர்க் கை.

சரி, சரி. சொளகப் பாரு. காலி. ஒரு கிலோ அதலைக்காயும் கிள்ளி முடிச்சாச்சு. நீ முக்கால்வாசி கிள்ளிட்டே, குட்டி ஒரு கை பாத்துருச்சு. தாயி இம்புட்டு நேரமும் சும்மா ஒக்காந்து சிரிச்சுக்கிட்டிருந்தா. கல்யாணமானதுலருந்து இந்த நேரத்துக்கு அவ சும்மா ஒக்காந்து நான் இன்னைக்குத்தான் பாக்குதேன். புதுக் கண்ணுனால இருக்கும்.

நான் எத்தன கிள்ளினேன்னா கேக்குதே? ஏலே, புரை எடுத்த கண்ணு. குனியக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காரு.

எந்திரிச்சுப் போயி வெங்காயத்த நறுக்கு. போகையில, ஃப்ரிட்ஜு மேல இருக்க அந்தக் காகிதத்தக் கிழிச்சு எடுத்துட்டு வா. இந்தக் காம்பையெல்லாம் அள்ளிப் போட ஒரு தாளு வேணும்.