குருளைக் கடியியல்

நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்குக் குருளை என்று பெயர் வகுத்தது தொல்காப்பிய மரபியல். வகுத்ததோடு நின்றும்கொண்டது. அக்குருளை எவ்விடத்தில், எப்பொழுதில், யாரைக் கடிக்கும் என்ற ஆராய்ச்சியைத் தொல்காப்பியர் பின்னோர் தலையில் கட்டிவிட்டுப் போனார். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழின் வகைகளை ஆராய்ந்து 1947இல் யாழ் நூல் தந்தார். அதே கரையிலுள்ள நற்பிட்டிமுனைக்கு ஒரு கடி நூல் இல்லாதது பெருங்குறை. அது இங்கே நிவர்த்தி செய்யப்படுகிறது.

முதலில் கருவி. குருளையின் பாற்பற்கள் 28. பிறந்து மூன்று, நான்கு வாரத்தில் முளைக்கும். நான்காம் மாதமளவில் விழத் தொடங்கும். ஏழு மாதமாகும்போது 42 நிலைப்பற்கள் வாய் நிறைய நிற்கும். இந்த இடைக்காலத்தில் முரசு தினவெடுக்கும். தாடையில் வலுவில்லாத குறையைப் பல்லின் கூர்மை ஈடுகட்டும். ஆகவே சிறிய நாய், பெரிய வேதனை என்க.

இனி, இடம் பற்றிய வகை. குதிக்கடி, விரற்கடி, சாரக்கடி, செருப்புக்கடி என நான்கு. செருப்புக்கடி என்றது செருப்பு நம்மைக் கடிப்பதன்று. இவற்றுள் சாரக்கடியே தலையாயது. கிட்டங்கிப் பக்கம் வயலுக்குப் புறப்படுபவரின் சாரத்து ஓரம் நடைக்கு நடை ஆடும். ஆடுவதெல்லாம் இரை என்பது குருளையின் துணிபு. இழுத்தால் அதுவும் இழுக்கும். இழுபறியில் தோற்பது எப்போதும் சாரமே.

பொழுது பற்றி நோக்கினால் ஒன்றே வகை: அந்திக்கடி. விளக்கு வைக்கும் நேரத்தில் காரணமின்றி வளவைச் சுற்றி ஓடி, கண்ணில் பட்ட காலையெல்லாம் கவ்வும். இதைப் பேய் பிடித்தது என்பாரும் உளர். அவர் கூற்று பொருந்தாது. குட்டி நாய் ஒரு நாளில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கவேண்டியது. பகலெல்லாம் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு திரிந்தால் அந்தியில் தூக்கக் கலக்கத்தில் கடிக்கத்தான் செய்யும். மருந்து, ஒரு மூலையில் சாக்கு விரித்துப் படுக்கவைப்பது.

குருளை கடிப்பதன் காரணம் யாது எனின், படிப்பு. உடன்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தும். எவ்வளவு கடிக்கலாம் என்பதைக் குருளை இப்படித்தான் கற்கிறது. எட்டு வாரமாவது தாயோடு விடவேண்டும் என்பது இதற்காகவே. நம் ஊரில் கண் திறந்த சூட்டோடு தூக்கிவருகிறோம். அதனால் நாயின் பாடசாலையை நம் காலில் நடத்தவேண்டியதாகிறது.

இங்கே கடிபடுவோர் வகை வந்து விழுகிறது. உண்மையில் இந்நூல் முழுதும் இதற்காகவே எழுதப்பட்டது. ஓடுவோர், அடிப்போர், ரசிப்போர், உறைவோர் என அவர் நால்வர். ஓடுவோர் சிறுவர், ஓடினால் துரத்தல் என்ற இன்னொரு விளையாட்டு இலவசமாய்ச் சேரும். அடிப்போர் தும்புத்தடி எடுப்பவர். துணிந்த குட்டி தும்புத்தடியையும் கடிக்கும். பயந்த குட்டி கையைக் கண்டாலே பல்லைக் காட்டப் பழகும். ரசிப்போர் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த மாமன்மார். “எங்க, கடி பாப்பம்” என்று விரலை நீட்டுவார்கள். எட்டாம் மாதத்தில் அதே நாய் அதே விரலைக் கவ்வினால் “இதென்ன விசர் நாயா?” என்பதும் அவர்களே. உறைவோர் அரியர். கையை வெடுக்கென்று இழுக்காமல் அசையாது நிற்பார், பார்வையைத் திருப்புவார், அரை நிமிடம் உள்ளே போய்விடுவார், திரும்பி வரும்போது கடிக்க ஒரு கயிற்று முடிச்சைக் கொடுப்பார். பழைய சாரத்துண்டைக் கொடுப்பவர் சாரக்கடிக்குத் தாமே விதை போடுகிறார். கடிபட்டவர் குட்டியைப் போலக் கத்தவேண்டும் என்றொரு கட்சியும் உண்டு. சில குட்டிகளுக்கு அது உற்சாகப் பாட்டு.

ஒரே வீட்டில் இந்நால்வரும் இருப்பதே நோய். நாலு வாத்தியார் நாலு பாடம் சொன்னால் எந்தக் குருளை தேறும்?

வீட்டுக்கு வெளியே ஐந்தாமவர் ஒருவர் உளர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. படலைக்கு வெளியே ஒரு குரல்: “தம்பி, நாயப் புடிங்க. உளூ எடுத்துட்டுப் பள்ளிக்குப் போறன்.” உள்ளிருந்து மறுமொழி: “ஒண்டும் செய்யாது காக்கா, விளையாடுது.” இம்மறுமொழி வழு. வயலையும் மந்தையையும் காக்க நாய் வைத்திருப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. ஆனால் இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால், கழுவவேண்டும். குருளைக்கு ஒரு கணத்து விளையாட்டு. காக்காவுக்கு வீடு திரும்பி ஏழு கழுவல், தவறிப்போன ஜமாஅத் தொழுகை. எனவே படலை சாத்தியிருத்தல் கடியியலின் முதல் விதி. நாய் கற்றுத் தேறும்வரை கயிறு இரண்டாம் விதி.

கடியின் கடுமைக்குக் கால்நடை மருத்துவர் இயன் டன்பர் ஆறு படி வகுத்தார். முதற்படியில் பல் தோலைத் தொடாது. ஆறாம் படியில் ஆள் இல்லை. அது சினக்கடிக்கான அளவுகோல். கிழிந்த சாரத்துக்கு அதில் படியில்லை.

புறனடை: பல் பட்டுத் தோல் கீறினால் இந்நூலை மூடிவைக்க. குட்டிக்கும் விசர் வரும். விளையாட்டுக் கடி என்று கிருமி விலகி நிற்காது. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ உடனே போங்கள். குருளைக்கு விசர்நாய்த் தடுப்பூசி இன்னும் போடவில்லையென்றால் இந்தக் கிழமையே போட்டுவிடுங்கள். தடுப்பூசி அட்டையைக் கிழிக்காமல் வைத்திருங்கள், குருளைக்கு எட்டாத உயரத்தில்.