விசா மறுக்கப்பட்ட களிகம்பு அண்ணாவியாருக்குச் சில யோசனைகள்

முதலில் கடிதத்தை நிதானமாக வாசியுங்கள், அண்ணாவியாரே. லண்டன் விழாவுக்கு வாருங்கள் என்று வந்த கடிதத்தைச் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் வந்ததைச் சொல்கிறேன். நீங்கள் பாடும் களிகம்புப் பாட்டிலோ, அதற்கு நீங்கள் பழக்கிய பிள்ளைகள் ஆடும் கம்படியிலோ அதில் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் இலங்கைக்குத் திரும்புவீர்கள் என்பதில் அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவில்லை, அவ்வளவுதான். மூதூரில் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இரவுச் சாப்பாட்டுக்குக் குறிஞ்சாக்கேணிக்கு வந்துவிடுகிற மனிதர் நீங்கள். ஊருக்கே தெரியும். ஊரை விசாரிக்கும் வழக்கம் விசா அலுவலகத்துக்கு இல்லை.

இனி மேன்முறையீடு. இதற்காக நல்ல கடுதாசி எதுவும் வாங்கிவிடாதீர்கள். பிரித்தானியாவின் வருகையாளர் விசா மறுக்கப்பட்டால் பொதுவாக மேன்முறையீட்டு உரிமையே கிடையாது. நீதிமன்ற மீளாய்வு கேட்கலாம். அதற்குச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசில் விழாவை நம் கிண்ணியாவிலேயே நடத்திவிடலாம். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவோ உங்களைக் குடியேற வந்தவர் என்றே முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு, காட்ட முடியாவிட்டால் மேன்முறையீடும் இல்லை. கனடாவில் கூட்டாட்சி நீதிமன்றத்தை 60 நாளுக்குள் நாடலாம். வென்றால் கிடைப்பது விசா அல்ல, வேறோர் அதிகாரி. செங்கன் நாடுகளில் மேன்முறையீடு சட்டப்படி உண்டு. ஜெர்மனியில் தூதரகத்துக்கே ஆட்சேபம் எழுதி அனுப்பும் வசதிகூட இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இனி பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். விழாவோ அடுத்த சனிக்கிழமை.

ஆகவே மறுபடி விண்ணப்பிப்பதுதான் வழி. கட்டணமும் மறுபடிதான்.

இந்தத் தடவை ஊரோடு உங்களுக்குள்ள பிணைப்பை நிரூபியுங்கள். சம்பளச் சீட்டு கேட்பார்கள். களிகம்பு அண்ணாவிக்குச் சம்பளச் சீட்டு கொடுக்கும் கம்பனி எது என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். வங்கிக் கணக்கு மெலிந்திருக்கிறதே என்று கத்தாரில் இருக்கும் மருமகன் ஐந்து லட்சத்தை அவசரமாகப் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது: எங்கிருந்து வந்தது என்ற விளக்கமில்லாமல் திடீரென்று வீங்கிய கணக்கைப் போல அதிகாரியின் சந்தேகத்தைக் கிளப்புவது வேறொன்றில்லை. பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் குழுவின் பதிவுக்குச் சான்று வாங்குங்கள். கலாபூஷணம் விருது இருந்தால் அதையும் இணையுங்கள். மூத்த கலைஞர்களுக்கு அரசு கொடுப்பது அது. அந்த வயதில் லண்டனில் ஒளிந்திருந்து கோப்பை கழுவ யார் ஆசைப்படப் போகிறார்கள்?

உங்கள் சீடர்கள், உங்களோடு சேர்ந்து அடியெடுக்கும் கால்கள், உங்கள் பாட்டுக்குக் கிறங்கும் காதுகள் எல்லாம் இந்தக் கரையில்தான் இருக்கின்றன. ஒரு கலைஞனை ஊரோடு கட்டிப்போட இதைவிடப் பலமான கயிறு இருக்கிறதா? படிவத்தில் அதை எழுதக் கட்டம் இல்லை.

குழுவில் பாதிப் பேருக்கு மட்டும் விசா வந்தால் கலங்க வேண்டாம். சோடி சோடியாக நின்று அடிக்கும் ஆட்டம்தானே. சோடி இல்லாதவர்கள் காற்றில் அடிக்கட்டும். நவீன நடனம் என்று லண்டன்காரர்கள் கைதட்டக்கூடும்.

பெயர் பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று மட்டும் எண்ணாதீர்கள். யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசத்தை, உலகம் எம்.ஐ.ஏ. என்று அறியும் பாடகியை, 2006இல் அமெரிக்கா விசா கொடுக்காமல் நிறுத்தியது. அடுத்த இசைத்தொகுப்பை அங்கே செய்வது என்ற திட்டம் கவிழ்ந்தது. அவர் சென்னை, டிரினிடாட் என்று ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்தார். நம்முடைய உறுமி மேளமும் அதற்குள் வந்தது. 2007இல் வெளியான அந்தத் தொகுப்புக்குத் தாயின் பெயரான 'கலா'வையே சூட்டினார். அதிலிருந்த 'பேப்பர் பிளேன்ஸ்' விசாவையும் வந்தேறிகள் மீதான பயத்தையும் நையாண்டி செய்யும் பாட்டு. 2008இல் அதே அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் அது 4ஆம் இடம்வரை ஏறியது. 2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் நின்றார். இதைவிடச் சிறந்த மேன்முறையீட்டு மனுவை நான் கண்டதில்லை. ஆனால் அதைத் தாக்கல் செய்ய அவருடைய தொண்டை வேண்டும்.

நமக்கு ஏற்றது கொஞ்சம் சின்ன வழி. சம்பளம் வாங்கிப் பாடப் போகிறீர்கள் என்றால், அழைப்பு பிரித்தானியாவில் இயங்கும் கலை அமைப்பிடமிருந்து வரட்டும். எந்தத் தேதி, எந்த மேடை, டிக்கட் யார் செலவு என்று அதில் விபரமாக இருக்கட்டும். நிகழ்ச்சி பயணத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அங்கே இறங்கி 30 நாளுக்குள் அது நடந்து முடியவும் வேண்டும்.

கடைசியாக, பழைய மறுப்பைப் பற்றி வாயே திறக்காதீர்கள் என்று ஒரு ஏஜென்ட் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே எழுதுங்கள். பொய் சொல்லிப் பிடிபட்டால் கனடா 5 வருடமும் பிரித்தானியா 10 வருடமும் கதவை அடைத்துவிடும்.