பொதுத்தேர்வுக் கால நகவெட்டி: ஒரு முன்னோட்ட ஆய்வு

முன்னுரை

பிளஸ் டூ பொதுத்தேர்வு பற்றித் தமிழில் நிறைய எழுதிவிட்டார்கள். எல்லாமே மாணவரைப் பற்றியவை. அதே தேர்வை அதே நேரத்தில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதும் மற்ற இருவரைப் பற்றிப் பேச ஆளில்லை. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. 'ஆய்வு இடைவெளி' என்ற சொல் முதல் பத்தியில் வராவிட்டால் கட்டுரையை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நண்பர் ஒருவர் எச்சரித்தார். போன மாதம்தான் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார். வாசித்தார் என்றால் கட்டணம் கட்டினார். ஆய்வுக்கோவை தலையணை கனத்துக்கு வந்திருக்கிறது. இவருடைய பங்கு நான்கு பக்கம், அதில் மேற்கோள் இரண்டரை.

ஆய்வு எல்லை

இட எல்லை: திருச்சியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு மாடிவீடு. கால எல்லை: அரையாண்டுத் தேர்வு முதல் கவுன்சலிங் வரை. ஆய்வு மாந்தர்: ஒரு மகள், ஒரு மனைவி, ஒரு மாமியார், நான். மாதிரி அளவு போதாது என்பவர்கள் பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்; அவர்கள் பையனின் கெமிஸ்ட்ரி எனக்கும் ஓரளவு வரும்.

மேற்கோள் முறை பற்றி ஒரு சொல். முதன்மைத் தகவலாளர் சமையலறையில் மட்டுமே வாய் திறப்பவர். எனவே அவர் கூற்றுகள் பக்க எண்ணால் அல்லாமல் குக்கர் விசிலால் சுட்டப்படும். (மனைவி, சமையலறை, வி. 3) என்றால் மூன்றாவது விசிலுக்குப் பின் சொன்னது. அதிக விசிலுக்குப் பின் வருவன அதிகக் காரமானவை.

வரலாறு

1978இல் புகுமுக வகுப்பு போய் மேல்நிலை வகுப்பு வந்தது. அதற்கு முன் பிள்ளை கல்லூரிக்குப் போய் பி.யூ.சி. படித்தது; பலர் விடுதியில் தங்கினார்கள்; தகப்பனார் மணியார்டர் அனுப்பினார். எட்டிப் பார்க்க அறை இல்லை. அந்தக் கண்டத்தைக் கல்லூரியிலிருந்து தூக்கி வந்து பள்ளிக்கூடத்தில் வைத்ததும் அது வீட்டுக்குள் புகுந்துவிட்டது. நகவெட்டியின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

பிறகு 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. 2006இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். அப்புறம் நீட் வந்தது. 2017இல் ரேங்க் அறிவிப்பை நிறுத்தியதும், முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையின் வாயில் இருபுறமிருந்தும் பெற்றோர் லட்டைத் திணிக்கும் செய்தித்தாள் புகைப்பட மரபு அருகிவிட்டது. கடைசியாக மொத்த மதிப்பெண் 1200 என்பது சுருங்கி 2019 முதல் 600 ஆயிற்று. இதில் பாதிக்கப்பட்டவர்கள் எங்கள் தலைமுறை. நான் வாங்கிய மார்க்கை முப்பது வருடம் பெருமையாகச் சொல்லி வந்தேன். இப்போது சொன்னால் மகள், "எத்தனைக்குப்பா?" என்கிறாள்.

இயல் 1: உணவு

வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பது தொல்மரபு. மார்ச் முழுவதும் முட்டை வீட்டுக்குள் வரவில்லை. பூஜ்ஜியத்தோடு உள்ள வடிவ ஒற்றுமையே காரணம் (மாமியார், பால்கனிப் பேருரை, முதல் வெற்றிலை). அதே வடிவமுள்ள உருளைக்கிழங்கு எப்படி அனுமதிக்கப்பட்டது என்பது தனி ஆய்வுக்குரியது. ஞாபகசக்திக்கு வல்லாரைக் கீரை வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் மறந்துவிட்டேன்.

இயல் 2: தெய்வம்

கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் பேனா வைத்து அர்ச்சனை செய்தோம். நீட் தேர்வில் பேனாவை அவர்களே தருகிறார்கள். அர்ச்சனைப் பேனா வாசலோடு திரும்பிவிட்டது.

இயல் 3: தொலைக்காட்சி

கேபிள் துண்டிக்கப்பட்டது.

இயல் 4: அறைக்குள் நுழைதல்

படிக்கும் பிள்ளையின் அறைக்குள் காரணமின்றி நுழையக் கூடாது என்பதை இரு பாலினப் பெற்றோரும் ஏற்கின்றனர். ஆகவே காரணம் உண்டாக்கப்படுகிறது. அது இருவகைப்படும்: டம்ளர் நுழைவு, நகவெட்டி நுழைவு.

டம்ளர் நுழைவு தாய்க்கு உரியது. டம்ளரில் பாலோ பூஸ்ட்டோ சுக்குக் காப்பியோ இருக்கும்; ஒன்றும் அகப்படாத நேரத்தில் வெந்நீரும் இருந்ததுண்டு. உள்ளிருப்பது முக்கியமில்லை. டம்ளர் ஒரு அனுமதிச் சீட்டு. சராசரியாக நாற்பது நிமிடத்துக்கு ஒன்று செல்லும். வைக்கும் அந்த மூன்று நொடியில் இரண்டு விஷயம் கண்ணால் எடுக்கப்படும்: செல்போன் குப்புறக் கிடக்கிறதா, புத்தகம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு நாள் கிடைத்த தகவல்: பக்கம் 112 (மனைவி, சமையலறை, வி. 2). நாற்பது நிமிடம் கழித்து மறு கள ஆய்வு: அதே 112 (மேலது, வி. 5). இங்கே ஒரு பாடபேதம் உண்டு. மாமியார் 121 என்கிறார். அவருடையது கண்புரை அறுவைக்கு முந்தைய வாசிப்பு என்பதால் சிறவாப் பாடம் எனத் தள்ளலாம். ஆனால் பேத்திக்குச் சாதகமான பாடம் அது ஒன்றே என்பதால் மகள் தரப்பு இன்றளவும் அதையே ஏற்கிறது.

இனி நகவெட்டி. தந்தைக்கு டம்ளர் கிடையாது. என் வாழ்நாளில் நான் ஒருவருக்கும் டம்ளர் எடுத்துச் சென்றதில்லை. திடீரென்று எடுத்துச் சென்றால் மகள் பயந்துவிடுவாள். எனவே தந்தை ஒரு பொருளைத் தேட வேண்டியவர் ஆகிறார். தேடப்படும் பொருளுக்கு மூன்று இலக்கணம் உண்டு. சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் தேடல் நீளும். அவள் அறையில் இருக்க வாய்ப்புள்ளதாக இருக்க வேண்டும். உடனே தேவைப்படுவதாகவும் தோன்ற வேண்டும். மூக்குக்கண்ணாடி தேறாது, அது மூக்கிலேயே இருந்து காட்டிக்கொடுக்கும். குடை தேறாது, திருச்சியில், மார்ச்சில், இரவு பத்தரைக்குக் குடை தேடுகிறவனை வேறு இடத்துக்கு அழைத்துப் போவார்கள். மூன்றும் ஒருங்கே பொருந்துவது நகவெட்டி ஒன்றே.

நாளொன்றுக்கு நான்கு தேடல் என்பது என் சராசரி. மனிதனின் கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். நாளுக்கு 0.1 மில்லிமீட்டர், தேடல் ஒன்றுக்கு 0.025. இதை வெட்ட நகவெட்டி அல்ல, நம்பிக்கைதான் வேண்டும் (மகள், அறை, கதவுக்கு உட்புறமிருந்து, தேதி குறிப்பிடப்படவில்லை).

அந்நுழைவுகளில் பதிவான உரையாடல் வருமாறு:

"நகவெட்டி இங்க இருக்காம்மா?"

"இல்லப்பா."

"சரி சரி. நீ படி. டென்ஷன் ஆகாத."

"ஆகலப்பா."

"மார்க்கு ஒன்னும் முக்கியமில்ல."

(மௌனம்.)

"புக் பேக் ஒன் மார்க் எல்லாம் முடிச்சிட்டியா?"

இதற்கு உரை: 'இங்க' என்றது அறையை. 'இருக்காம்மா' என்ற விளி அன்பு பற்றி வந்தது என்பர் ஒருசாரார். உளவு பற்றி வந்தது என்பது மகளின் கருத்து. 'டென்ஷன் ஆகாத' என்பது சொல்பவனின் நிலையைக் கேட்பவள்மேல் ஏற்றிக் கூறியது. 'மார்க்கு முக்கியமில்ல' எதிர்மறை வாய்பாட்டால் உடன்பாட்டுப் பொருள் உணர்த்திற்று. ஈற்றடியே மூலபாடம். ஏனையவெல்லாம் இடைச்செருகல்.

இந்த இடத்தில் ஒரு மேலைநாட்டு அறிஞரைச் சேர்த்தால் கட்டுரைக்குக் கனம் கூடும் என்றார் தமிழ் நண்பர். மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட நூலில் சிறைச்சாலையின் கண்காணிப்புக் கோபுரம் பற்றி எழுதியிருக்கிறாராம். பார்க்கிறார்கள் என்ற நினைப்பே கைதியை ஒழுங்காக்கிவிடுமாம். வாசித்தீர்களா என்று கேட்டேன். தன் நெறியாளரின் கட்டுரை அடிக்குறிப்பிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். நெறியாளர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்பது மரபல்ல. எப்படியிருந்தாலும் ஃபூக்கோ நகவெட்டியைத் தவறவிட்டிருக்கிறார். அவருடைய காவலன் எதையும் தேடுவதாக நடிப்பதில்லை.

நுழைவு மரபுக்கு எதிர்மரபும் உண்டு. டவராச் சத்தம் கேட்டதும் மகள் ஒரு பக்கம் புரட்டிவிடுகிறாள் என்பது மார்ச் முதல் வாரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் டம்ளர் டவரா இல்லாமல் சென்றது (மாமியாரின் ஆலோசனை, பால்கனிப் பேருரை, இரண்டாம் வெற்றிலை, சுண்ணாம்பு தடவியபின், திருத்திய பதிப்பு அன்று மாலை சீரியல் விளம்பர இடைவேளையில் வெளியிடப்படுவதாக இருந்தது, காண்க இயல் 3). எனக்கு நேர்ந்தது இன்னும் நேரடியானது. இயற்பியல் தேர்வுக்கு முந்தைய நாள் இரவு நான் போனபோது கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளில் நூல் கட்டி நகவெட்டியைத் தொங்கவிட்டிருந்தாள். கீழே ஒரு துண்டுக் காகிதம்: 'அப்பா, இங்க இருக்கு.'

அரைமணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டினேன். பிறகு ஸ்டேப்ளர் தேவைப்பட்டது.

இயல் 5: வாசலில் நிற்றல்

பத்து மணிக்கு வினாத்தாள் வாசிக்கப் பத்து நிமிடம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10:15க்கு எழுதத் தொடக்கம் என்பது அரசுத் தேர்வு விதி. பெற்றோர் எழுதத் தொடங்குவது அதிகாலை நாலரை. 1:15க்கு மணி அடித்ததும் 'எப்படி எழுதின?' என்று கேட்கக் கூடாதென வீட்டில் தீர்மானம் போட்டிருந்தோம். அதன்படி மனைவி, "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டாள். அதை எந்தக் குரலில் கேட்டாள் என்பதைப் பதிவுசெய்ய எழுத்துமொழியில் இடமில்லை.

நீட் வாசல் வேறு. தேர்வு இரண்டு மணிக்கு. ஒன்றரைக்குக் கதவு அடைப்பு. நாங்கள் போய் நின்றது பதினொன்றுக்கு. முழுக்கை கூடாது, ஷூ கூடாது, நகை கூடாது. உள்ளே பிள்ளைகள் 180 வினாக்களோடு இருக்க, வெளியே புங்கமரத்தடியில் தாய்மார்கள் கைக்குட்டை முடிச்சில் தோடும் கொலுசும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அருகில் ஒரு தகப்பனார் மகனின் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, தப்பு விடைக்கு ஒரு மார்க் கழிப்பார்கள் என்பதை முன்பின் தெரியாத எனக்கு மூன்று முறை விளக்கினார். நான் அவருக்கு நான்கு முறை விளக்கினேன்.

இயல் 6: கட்-ஆஃப்

பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் நூற்றுக்கு, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, ஆக 200. பிளஸ் டூவில் நான் கணக்கில் தேறியது திருத்தியவரின் நல்ல மனசு. ஆனால் இந்த ஒரு கணக்கை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இருவரின் கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் பாடவாரி மதிப்பெண் முதலியவற்றை ஒப்பிடுவார்கள். அதுவும் தீராவிட்டால் பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒன்றானால் ரேண்டம் எண். பிறந்த தேதி விதியைக் கேட்டதும் மனைவி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். சிசேரியனை நல்ல நட்சத்திரத்துக்காக இரண்டு நாள் தள்ளிப்போடச் சொன்னது அவர்தான் (மாமியார், பிரசவ வார்டு வாய்மொழி ஆணை; மறுப்புரை: மனைவி, சமையலறை, பதினேழு ஆண்டு கழித்து, வி. 9, அடிப்பிடித்த சாதத்தின் பின்னிணைப்புடன்). முன்திட்டமிடலின் தேவைக்கு இதைவிடச் சான்று கிடைக்காது.

சாய்ஸ் ஃபில்லிங் நாளன்று நான் கல்லூரிகளை வரிசைப்படுத்தி ஒரு அட்டவணை தயாரித்திருந்தேன். மகள் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்தாள். பிறகு தான் முன்பே எழுதி வைத்திருந்ததைக் கணினியில் ஏற்றினாள். கோவையில் இடம் கிடைத்தது, விடுதி. போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே நகம் வளர்ந்திருக்கிறது. வீட்டில் நகவெட்டி இல்லை. அவள் எடுத்துப்போய்விட்டாள்.