புகையில்லா டெக்சாஸ்

அனுப்புநர்:
போஸ்ட் ஓக் தெருவாசி ஒருவன்,
மாதச் சந்தா பாக்கி இல்லாதவன்,
ஆஸ்டினுக்கு வடக்கே, டெக்சாஸ்.

பெறுநர்:
மாண்புமிகு தலைவர் அவர்கள்,
கட்டட அழகியல் குழு,
வீட்டு உரிமையாளர்கள் அசோசியேஷன்.

பொருள்: கொல்லைப்புறத்தில் புதிதாகக் குடியேறிய, கறியைப் புகையில் வாட்டும் இரும்பு ஸ்மோக்கர் – தங்கள் ஆட்சேபணை – பணிவான விளக்கம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: பதிவுத் தபாலில் வந்த தங்கள் நோட்டீஸ், வண்ணப் புகைப்பட இணைப்புகளுடன்.

ஐயா / அம்மா,

நோட்டீஸ் கிடைத்தது. படங்களும் கிடைத்தன. வேலிப்பலகை இடுக்கு வழியே எடுத்தவை என்றாலும், ஸ்மோக்கரின் கறுப்பு மினுமினுப்பு அப்படியே விழுந்திருக்கிறது. வாங்கிய அன்று நான் எடுத்த படங்கள் இதில் பாதி அழகுகூட இல்லை. ஊரில் உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும், ஒரிஜினல் கிடைக்குமா?

முதலில் என் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வருவதற்கு முன் பல ஆண்டுகள் அபார்ட்மென்டில் ஸ்மோக்கர் இல்லாமல் வாழ்ந்தவன் நான். அதில் எனக்கு யார்மீதும் வருத்தமில்லை. பல நகரங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீத்தடுப்பு விதித்தொகுப்பு, எரியக்கூடிய பால்கனியிலும், எரியக்கூடிய கட்டடத்துக்கு 10 அடிக்குள்ளும் கரி அடுப்பு மூட்டக் கூடாது என்கிறது. மரச்சட்டத்தில் எழுப்பிய கட்டடம், தலைக்கு மேலே இன்னொரு குடும்பம். நியாயமான விதிதான். அதே விதி தனி வீடுகளுக்கு விலக்கும் தருகிறது. அந்த ஒற்றை வரியை நம்பித்தான் 30 ஆண்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். வீடு பார்க்கப் போன இடங்களில் என் மனைவி பள்ளிக்கூடத்தை விசாரித்தார். நான் கொல்லைப்புறத்தை அளந்தேன். தீயணைப்புத் துறை மன்னித்தாலும் அழகியல் குழு மன்னிக்காது என்று வீட்டைக் காட்டியவர் சொல்லவில்லை.

இனி, என் மீதான குற்றச்சாட்டுகள்.

ஒன்று, அது ‘தொழிற்சாலை உபகரணம்’ என்பது. படுக்கவைத்த இரும்பு உருளை, அதன் ஒரு முனையில் சற்றுத் தாழ்வாக நெருப்பறை, மறுமுனையில் புகைபோக்கி. நெருப்பு ஓர் அறையில், கறி இன்னோர் அறையில். சூடும் புகையும் மட்டும் குறுக்கே நடந்துபோகும். கால் அங்குல கனத்தில் இரும்பு, ஏனென்றால் மெல்லிய தகடு சூட்டைப் பிடித்து வைக்காது. மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது, கைபேசிச் செயலி கிடையாது. தங்கள் செயலாளர் இதற்குப் பதில் பெல்லட் வகை வாங்கியிருந்தால் ஆட்சேபணை இருந்திருக்காது என்று வாய்மொழியாகத் தெரிவித்தார். ஒரேகானின் ஜோ ட்ரேகர் 1986-ல் காப்புரிமை பெற்ற வகை அது: அழுத்திய மரத்தூள் குச்சிகளைத் திருகு ஒன்று உள்ளே தள்ள, மின்விசிறி ஊத, கணிப்பலகை சூட்டைக் கவனித்துக்கொள்ளும். மோட்டாரும் விசிறியும் கணிப்பலகையும் இருந்தால் வீட்டுச் சாமான். விறகும் இரும்பும் மட்டும் இருந்தால் தொழிற்சாலை. குழுவின் பொறியியல் ஞானத்தின் முன் தலைவணங்குகிறேன்.

இரண்டு, ‘கண்ணுக்குப் புலப்படும் புகை’. போகியன்று விடியற்காலையில் டயர் எரிந்த சென்னையில் வளர்ந்தவன் நான். புகை விஷயத்தில் என் சாட்சியத்தை நம்பலாம். நன்றாகக் காய்ந்த போஸ்ட் ஓக் விறகு, போதிய காற்று, சுறுசுறுப்பான சிறு நெருப்பு. இவை கூடினால் புகை மெல்லிய நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி வரும். விறகு ஈரமானால், அல்லது காற்றை அடைத்தால், வெள்ளைவெளேரென்று கெட்டியாகக் கிளம்பும். கறியில் கசப்பு ஏறும். ஆகவே தெருவுக்குத் தெரியும் புகையை உங்களுக்கு முன்பே என் கறி தண்டித்துவிடும். சுவர்களுக்குத் தாங்கள் அனுமதித்த நிறப்பட்டியல் என்னிடம் இருக்கிறது. பழுப்பில் இத்தனை வகை உண்டென்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மென்னீலம் அதில் இல்லை. புகைக்கென்று தனிப்பட்டியல் ஒன்றைக் குழு விரைவில் வெளியிட வேண்டும்.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது: ‘குடியிருப்பின் தன்மைக்கு ஒவ்வாத வாசனை’.

ஐயா, நம் தெருப்பெயர்களை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். போஸ்ட் ஓக். ஹிக்கரி. மெஸ்கீட். பீக்கன். நான்கும் ஸ்மோக்கரில் எரிக்கும் விறகு. மரங்களை வெட்டிச் சமன்செய்து, வீடுகளைக் கட்டி, வெட்டிய மரங்களின் பெயரைத் தெருவுக்கு வைத்த நம் குடியிருப்பில், அந்த மரம் எரிந்தால் வாசனை ஒவ்வாதாம்.

இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் லாக்ஹார்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் வாட்டி வைத்தார்கள். பருத்தி எடுக்க வந்த கூலித் தொழிலாளர்கள் அதைக் கசாப்புத்தாளில் வைத்தே தின்றார்கள். அந்தப் பழக்கத்தின் பேரில் 1999-ல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை தீர்மானமே போட்டு லாக்ஹார்ட்டை டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகராக அறிவித்தது. ‘டெக்சாஸ் மன்த்லி’ பத்திரிகை 2013-ல் பார்பிக்யூவுக்கென்றே முழுநேர ஆசிரியர் ஒருவரை நியமித்தது. பிரெஞ்சுக்காரர்களின் மிஷலின் வழிகாட்டி 2024-ல் முதன்முறையாக டெக்சாஸுக்கு வந்தபோது நான்கு பார்பிக்யூ கடைகளுக்கு நட்சத்திரம் குத்திவிட்டுப் போனது. பாரிஸ் மூக்குக்கு ஒத்துப்போன வாசனை, போஸ்ட் ஓக் தெரு மூக்குக்கு ஒவ்வவில்லை.

தாங்கள் தனியாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் ஆஸ்டின் நகர மன்றத்திலேயே, வீடுகளுக்கு அருகிலுள்ள உணவகங்களின் பார்பிக்யூ புகைக்குக் கடிவாளம் போடும் யோசனை வந்தது. ஊரே கொதித்தது. யோசனை நீர்த்தது. கடைகள் இன்றும் புகைந்துகொண்டிருக்கின்றன. வாசலில் மணிக்கணக்கில் வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் நம் குழு உறுப்பினர்கள் சிலரை நானே பார்த்திருக்கிறேன். குற்றமாகச் சொல்லவில்லை. அடுத்தவன் கொல்லையில் புகைந்த கறியைத் தின்றுவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு வீடு திரும்புவது சட்டவிரோதமல்ல.

நம் விளம்பரக் கையேட்டின் முகப்பில் என்ன இருக்கிறது? மரமேசை, கசாப்புத்தாள், அதன்மேல் கறுத்த மேலோடும் இளஞ்சிவப்பு வளையமுமாக வெட்டி அடுக்கிய பிரிஸ்கெட். கீழே ‘அசல் டெக்சாஸ் வாழ்க்கை’ என்ற வாசகம். அந்தச் சிவப்பு வளையம் சாயமல்ல. எரியும் விறகிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு கறியின் நிறமியோடு கலந்து உண்டாவது. நெருப்பு இல்லாவிட்டால் வளையம் இல்லை; வளையம் இல்லாவிட்டால் கையேட்டுக்கு அட்டைப்படம் இல்லை. வருடாந்தர வசந்த விருந்திலும் அதே பிரிஸ்கெட்தான் தட்டுத்தட்டாக வந்து இறங்குகிறது. டெக்சாஸைக் காட்டி வீடு விற்கலாம், விருந்து வைக்கலாம். குடிவந்தவன் மட்டும் அதைப் பற்றவைக்கக் கூடாது. இதுதான் விதி என்றால், அட்டையில் ஒரு கேஸ் அடுப்பின் படத்தைப் போட்டுவிடலாம். வீட்டின் விலை என்ன ஆகிறதென்று எல்லோரும் சேர்ந்தே பார்ப்போம்.

என் அனுமதி விண்ணப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுப் பகுதி. காலமெல்லாம் உடல் பாரத்தைச் சுமந்த தசை, எளிதில் மசியாது. 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தால்தான் அதன் கொலாஜன் ஜெலட்டினாக இளகும். நடுவில் உட்சூடு 160 டிகிரியை நெருங்கும்போது கறி அப்படியே நின்றுவிடும். மேலே ஆவியாகும் ஈரம் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால், எத்தனை விறகு போட்டாலும் முள் நகராது. இதை இங்கே ‘ஸ்டால்’ என்பார்கள். தங்கள் மேசையில் என் விண்ணப்பமும் அந்தக் கட்டத்தில்தான் கிடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: கறியைப் பேப்பரில் சுற்றினால் நகரத் தொடங்கும். என் விண்ணப்பமோ பேப்பர் சேரச் சேர இன்னும் இறுகிப்போகிறது.

தங்கள் யோசனைப்படி இடம் மாற்றவும் தயாராக இருந்தேன். வேலியிலிருந்து 10 அடி, சுவரிலிருந்து 10 அடி, தெருவிலிருந்து பார்வைக்கு மறைவு, மரநிழலுக்கு வெளியே. டேப் பிடித்து அளந்து பார்த்ததில் எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்தும் இடம் ஒன்று கிடைத்தது. அது பக்கத்து வீட்டு நீச்சல் குளம்.

முடிவாக, அபராதம். டெக்சாஸ் சொத்துச் சட்டம் 209-ஆம் அத்தியாயப்படி, அபராதத்துக்கு முன் வாரியத்தின் நேரடி விசாரணை கேட்கும் உரிமை எனக்கு உண்டு. அதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் பதிவுசெய்கிறேன். பெயர்பெற்ற கடைகளில் பிரிஸ்கெட் பவுண்டுக்கு 30 டாலரைத் தாண்டிவிட்டது. நான் வாங்கும் பச்சைக்கறி 14 பவுண்டு, பவுண்டு 5 டாலர் வீதம் 70. விறகு 20. தங்கள் அபராதம் 50. மொத்தம் 140. கொழுப்பு நீக்கி, புகைந்து வற்றி, மிஞ்சுவது 7 பவுண்டு. கடையில் வாங்கினால் 210 டாலர். அபராதம் கட்டிய பிறகும் சனிக்கிழமைக்கு 70 டாலர் லாபம். ஆகவே அபராதத்தை ரத்துசெய்யும்படி நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் பதிவுத் தபாலுக்குச் செலவழிக்காமல், மாதச் சந்தாவோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்படி கேட்கிறேன். அந்த வேகத்தில் ஸ்மோக்கருக்குப் போட்ட காசு எனக்குத் திரும்பிவிடும்.

அடுத்த வசந்த விருந்துக்கான பிரிஸ்கெட்டையும் நானே அன்பளிப்பாகத் தருகிறேன். விறகுக் காசுகூட வேண்டாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: கறி நம் எல்லைக்குள்ளேயே புகைய வேண்டும், எந்தத் தெருவில் புகைந்தது என்று அழைப்பிதழில் தாங்களே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
போஸ்ட் ஓக் தெருவாசி.

நகல்: வேலிக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களுக்கு, ஒரு துண்டு கறியுடன்.